காத்மாண்டு மூடுபனிக்கு உங்கள் லீவு தெரியாது

போன வாரம் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து மூன்று பையன்கள் கைப்பேசியை நீட்டினார்கள். “அண்ணே, டிசம்பர்ல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறோம். பிளான் சரியான்னு பாருங்க.”

பார்த்தேன். முதல்முறை போனபோது நான் டைரியில் எழுதி வைத்த பிளானேதான். தவறுகள்கூட அதே வரிசையில் இருந்தன.

பாஸ்போர்ட், கையுறை, மாத்திரை பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் அம்மா சொல்லிவிடுவார். குளிர் ஊருக்கும் மலைக்கும் போகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் இதோ.

டிசம்பரில் நியூசிலாந்துக்குப் பனிச்சறுக்குப் போவது

அங்கே அப்போது கோடைக்காலம்.

கினபாலு ஏறிவிட்டோமே என்ற தைரியம்

கினபாலு 4,095 மீட்டர். ஆனால் அங்கே ஏறத்தாழ 3,270 மீட்டரில் ஒரே ஒரு இரவு படுக்கிறோம். மறுநாள் உச்சியைத் தொட்டுவிட்டு மாலைக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அதற்குப் போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் 3,000 மீட்டருக்கு மேலேயே தூங்க வேண்டும். அந்த உயரத்தில் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாளும் வேண்டும். வழியில் இருக்கும் நாம்சே பஜாரில் (3,440 மீட்டர்) கூடுதலாக ஒரு நாள் தங்கச் சொல்வது அதனால்தான்.

என்னோடு வந்த நண்பர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். எங்களில் அவருக்குத்தான் உடல்வலு அதிகம். நாம்சே ஓய்வு நாளை வெட்டியதில், அதற்கும் மேலே இருக்கும் டிங்போச்சேயில் தலைவலி, வாந்தி என்று முதலில் விழுந்தவரும் அவர்தான். கீழே இறங்கிய பிறகுதான் அவருக்குச் சோறும் இறங்கியது.

லீவு நாள் எல்லாவற்றையும் பயண நாளாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் தவறு இது. பையன்களின் கணக்கு இப்படி: ஃபேக்டரியில் பன்னிரண்டு நாள் லீவு, இரண்டு ஞாயிறு, ஆகப் பதினான்கு. முதல் நாள் காத்மாண்டு. மறுநாள் காலை, நடை தொடங்கும் மலையூரான லுக்லாவுக்குச் சின்ன விமானம். நடந்து போய்த் திரும்பி, பதினான்காம் நாள் காலை லுக்லாவிலிருந்து காத்மாண்டு, அன்று இரவே கோலாலம்பூர். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். சரி, குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்குமே என்பார்கள். லுக்லாவில் தெளிவாகத்தான் இருக்கும். காத்மாண்டு ஒரு கிண்ணம் மாதிரிப் பள்ளத்தாக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்காற்று அதில் இறங்கித் தேங்கும், விடியும்போது மூடுபனி போர்த்திக்கொள்ளும். வெயில் ஏறி அது கலைவதற்குள் பாதிக் காலை போய்விடும். அந்த நேரம் பார்த்து லுக்லாவில் காற்று எழும்பும். காத்மாண்டில் மூடுபனி விலக, லுக்லாவில் காற்று வர, நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் விமானம் வந்து போக வேண்டும்.

நான் போனது ஜனவரியில். பதினான்காம் நாள் விடியற்காலையில் பையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். தலைக்கு மேலே துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். ஆனால் விமானம் காத்மாண்டிலிருந்தே கிளம்பவில்லை. பத்தரைக்கு அங்கே பனி கலைந்தது என்றார்கள். பதினொன்றுக்கு இங்கே, காற்றைக் காட்ட ஓடுபாதையோரம் கட்டியிருக்கும் துணி விறைத்து நின்றது. “நாளைக்கு” என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாளும் அதேதான். ஹெலிகாப்டர் கேட்டோம், அதற்கும் காத்மாண்டு மூடுபனி கலைய வேண்டும், விலையோ டாலரில். மூன்றாம் நாள்தான் விமானம் வந்தது.

அதற்குள் கோலாலம்பூர் டிக்கெட் காற்றில் போனது. மலிவு டிக்கெட், ஒரு காசு திரும்பவில்லை. புதிதாக எடுத்த ஒருவழி டிக்கெட் முன்பு போக வர எடுத்ததைவிட அதிகம். நேப்பாள விசா பதினைந்து நாளுக்கு எடுத்திருந்தேன், அதுவும் முந்தின நாளே முடிந்திருந்தது. விமான நிலையத்தில் அதற்கு அபராதம். ஊர் வந்தால் சம்பளத்தில் வெட்டு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். பயணம் ஏற்பாடு செய்த ஏஜெண்டைக் கேட்டேன். “நீங்க பதினாலு நாள்தானே குடுத்தீங்க” என்றார். பதிலுக்கு என்ன சொல்ல?

ஆகவே கடைசியில், காத்மாண்டில், இரண்டு நாள் சும்மா விடுங்கள். விமானம் நேரத்துக்கு வந்தால் பசுபதிநாதர் கோயில், பௌத்தநாத் என்று சுற்றலாம். விசா முப்பது நாளுக்கு எடுங்கள். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். வித்தியாசம் இருபது டாலர்தான். அவ்வளவு லீவு கிடையாதா, அப்படியானால் லுக்லாவே வேண்டாம். லாங்டாங் பக்கம் ரோட்டில் போகலாம். பொக்காரா பக்கம் பூன் ஹில் (3,210 மீட்டர்) இருக்கிறது. இமயமலை அங்கேயும் தெரியும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு பையன், “நம்ம நேரம் நல்லாத்தான் இருக்கும் லா, அண்ணே” என்றான். முதல்முறை போனபோது நானும் அப்படித்தான் சொன்னேன்.

பருத்தி உள்சட்டை

வியர்த்தால் காயாது, குளிரும். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் கம்பளி தேடுங்கள்.

காப்புறுதி இருக்கிறது என்ற நிம்மதி

பத்திரத்தில் உயர வரம்பைத் தேடிப் படியுங்கள். பல பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. அவசர ஹெலிகாப்டர் அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். யார் பணம் கட்டுவது என்று உறுதியாகாமல் அது கிளம்பாது.

தோட்டத்து ரோட்டிலேயே பயிற்சி

செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டில் தினமும் பத்துக் கிலோமீட்டர் நடந்தாலும் அது சமதரை. ஈப்போ பக்கம் போய் கிளேடாங் மலையை முதுகில் பையோடு ஏறுங்கள். அப்புறம் இறங்குங்கள், முட்டி வலி இறங்கும்போதுதான் தெரியும்.

தண்ணீர்ப் போத்தலை நேராக வைப்பது

உறையும் தண்ணீர் மேலிருந்துதான் உறையும். மூடியோடு கட்டிப்போனால் காலையில் திறக்க முடியாது. பையில் தலைகீழாகச் செருகுங்கள்; கசியாத போத்தலாக இருக்கட்டும். இரவில் கொதிநீர் ஊற்றி, ஒரு காலுறைக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் காலடியில் வையுங்கள். கைப்பேசியையும் உள்ளேயே எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். காலையில் போத்தலில் இருப்பது குடிக்கிற சூட்டில் இருக்கும், காலுறை வாசத்தோடு.