பழைய ரேக், டிராயர் கம்மி விலைக்கு எடுக்கிறது எப்படி

வீட்டு ஷெட்ல பைக் பார்ட்ஸ் அடுக்க புது ரேக் வாங்காதீங்க, மெடிக்கல் ஷாப் இல்ல ஹார்டுவேர் கடை காலி பண்றாங்கன்னு தெரிஞ்சா முதல்ல அங்க போய் கேளுங்க, சின்ன டிராயர் வெச்ச அலமாரி காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே கிடைச்சிடும், நட்டு போல்ட்டுக்கு அதை அடிச்சுக்க எதுவுமே இல்ல. கார்புரேட்டர், கியர் மாதிரி வெயிட்டான சாமானுக்கு ஓட்டை போட்ட ஆங்கிள் (L வடிவ இரும்பு) ரேக் தான் சரி. சென்னைன்னா பழைய வண்டி பார்ட்ஸ், இரும்புக் கடைங்க இருக்கிற புதுப்பேட்டை பக்கம் தேடுங்க. எடைக்கா பீஸுக்கான்னு முதல்லயே கேட்டுட்டு பேரம் பேசுங்க. கால் அடிப்பக்கம் துரு தின்னுருக்கான்னு கட்டாயம் பாருங்க, தட்டு நடுவுல அமுக்கிப் பாருங்க, வளைஞ்சா விட்டுடுங்க. மேலாப்புல துருன்னா பயமில்ல, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு துரு பிடிக்காம இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிச்சா போதும். மூலைக்கு வைக்கிற முக்கோணத் தகடு, போல்ட்டு எல்லாத்தையும் அதே விலையில கேட்டு வாங்கிடுங்க, நிறைய பேர் இதைத்தான் மறந்துடுறாங்க