சீன வகுப்பறையில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

சீனப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கேள்வி கேட்டதும் வகுப்பே தலைகுனிந்தால் அதை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் 750 மதிப்பெண்களுக்கு 150 அயல்மொழிக்கு உரியவை. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த பிள்ளைகள் இவர்கள். இலக்கணத்தில் கெட்டிக்காரர்கள், வாய்திறந்து பேசிய பழக்கம்தான் குறைவு. எல்லோர் முன்னும் பிழையாகப் பேசி மதிப்பிழக்கும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வியைப் பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் தனியே குறிப்பெடுக்க விடுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவருடன் பேசச் சொல்லுங்கள். வகுப்பில் இரைச்சல் எழும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகும் ஒருவரை மட்டும் எழுப்பாமல், "உங்கள் இருவருக்கும் என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். பதில் இருவருடையது என்றால் கூச்சமும் பாதியாகும்.

விவாதத்தில் சொந்தக் கருத்தைக் கேட்பதைவிட ஒரு பாத்திரத்தைக் கொடுப்பது நல்லது. விடுதியில் இரவு பதினொரு மணிக்கு விளக்கணைக்கலாமா என்பது அவர்களுடைய அன்றாடச் சிக்கல். ஒருவர் காப்பாளர், ஒருவர் தேர்வுக்குப் படிப்பவர், ஒருவர் சீக்கிரம் தூங்க விரும்புகிறவர். கடைசி வரிசையில் பேசாமலே இருந்த மாணவி காப்பாளராகி மேசையைத் தட்டி அதட்டியதை என் வகுப்பில் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

பேசும்போது குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். பிழைகளைக் குறித்துவைத்து, யாருடையது என்று சொல்லாமல் கடைசியில் பலகையில் எழுதுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியால் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். உண்மையான சந்தேகங்கள் இரவில் வீசாட் (WeChat) குறுஞ்செய்திச் செயலியில் வரும். அவற்றுக்குப் பதில் எழுதுவதும் பாடத்தின் பகுதி என்றே நான் கருதுகிறேன்.

பலரும் ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார்கள். சீனப் பெயரையும் கற்றுக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் முதலில் வரும். உச்சரிப்பின் ஏற்ற இறக்கமான தொனி தவறினால் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். அப்போது மட்டும் யாருக்கும் தயக்கம் இருக்காது.

ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், கல்லூரி மாணவர்களுக்கான நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு (CET-4) நெருங்கினால் மாணவர்களின் மனம் அங்கேதான் இருக்கும். 710க்கு 425 எடுத்தால்தான் அடுத்ததான ஆறாம் நிலைத் தேர்வுக்குப் பதிவுசெய்ய முடியும். அந்த வாரங்களில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். பழைய வினாத்தாள்களின் கேட்டல் பகுதி உரையாடல்களையே எடுத்து, இருவர் இருவராகப் பேசி நடிக்கச் செய்யுங்கள்.