யாழ்ப்பாணத்தில் ஒரு விடிகாலைப் பறவை நோக்கல்: விடுமுறையில் ஊருக்கு வருவோருக்கு

விடுமுறையில் ஊருக்கு வருவோரின் நாட்கள் கோவில், கலியாண வீடு, உறவினர் வீட்டு விருந்து என்றே பெரும்பாலும் நிரம்பிவிடும். விடிகாலையில் மட்டும் யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. அந்த ஓரிரு மணி நேரத்தை நகரிலுள்ள பழைய பூங்காவில் பறவைகளைப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் உருவாக்கிய இந்தப் பூங்காவின் பெருமரங்கள், கட்டடங்கள் நெருங்கிவிட்ட நகரத்தில் பறவைகளுக்கு எஞ்சியிருக்கும் நல்ல ஒதுக்கிடமாகும். வாயில் திறக்கும் நேரத்தை உறவினரிடம் முன்னரே விசாரித்து, ஓட்டோவையும் முதல் நாள் இரவே சொல்லி வைப்பது நல்லது.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே காட்சி அமையும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆகஸ்ட்டில் வருவோர் குயில், செண்பகம், மைனா, புலுனி முதலிய உள்ளூர்ப் பறவைகளையே பெரும்பாலும் காண்பர். அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. மின்கம்பிகளில் அமர்ந்திருக்கும் இரட்டைவால் கரிக்குருவி நமக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், தென்னிலங்கையில் அதைக் காண்பது அரிது. வலசைப் பறவைகளை விரும்புவோர் டிசம்பர் பிற்பகுதிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வர வேண்டும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் இருப்பதால் அந்த மாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குளிர்கால விருந்தாளிகளுள் தேடிப் பார்க்கத் தக்கது ஆறுமணிக்குருவி. ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்லும் இக்குருவி, பச்சை முதுகும் கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டையும் வாலடியில் குங்குமச் சிவப்பும் கொண்டது. வாலோ மிகவும் கட்டையானது. நிழலில் சருகுகளைப் புரட்டிப் புழு பொறுக்கும் இதைக் கண்ணால் காண்பதற்கு முன், விடியும் வேளையில் எழும் இரட்டைச் சீழ்க்கையைக் காதால் கேட்பதே வழக்கம். ஒலி வந்த திசையை நோக்கி நடந்தால் அது ஓடி மறைந்துவிடும் என்பதால், இருந்த இடத்திலேயே அசையாமல் நின்று தரையைக் கவனிக்க வேண்டும். கைபேசியில் அதன் ஒலியை ஒலிக்கச் செய்து வரவழைப்பது பறவையை அலைக்கழிக்கும் செயல், தயவுசெய்து தவிர்க்கவும்.

ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவிலேயே உதிக்கும் என்றாலும் ஆறு மணிக்கே அங்கு இருப்பது சிறந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து வருவோர் நேர வேறுபாட்டினால் முதல் வாரத்தில் தாமாகவே நேரத்தோடு விழித்துக்கொள்வர். ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கு நிலைமை நேர்மாறானது. அவர்கள் சில நாட்கள் கழித்து இதற்குத் திட்டமிடட்டும். எட்டு மடங்கு உருப்பெருக்கமுள்ள இருகண் நோக்கி போதுமானது. பறவைகளை இனங்காண உதவும் மெர்லின் செயலியில் இலங்கைக்குரிய தொகுப்பைப் புறப்படுமுன் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆயினும் அம்மம்மாவோ அப்பப்பாவோ நடக்கக்கூடியவராக இருந்தால் அவரையும் அழைத்துச் செல்வதையே நான் விரும்புவேன். டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பதால் முழுக்கைச் சட்டையும் நுளம்புத் தைலமும் அவசியம்.

பூங்காவில் வெயில் ஏறத் தொடங்கியதும் அதே ஓட்டோவில் கோட்டையைக் கடந்து பண்ணை வீதிக்குச் செல்லலாம். தீவகத்தை நோக்கி ஆழமற்ற கடனீரேரியின் குறுக்கே செல்லும் அந்த வீதியில் காலை வெயில் முதுகுப் பக்கம் விழுவதால், மேற்கே இரை தேடும் கொக்குகளையும் உள்ளான்களையும் ஆலாக்களையும் நிறம் பிரித்துப் பார்க்க முடியும். வாகனங்கள் விரைந்து செல்லும் வீதியாகையால் சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இராணுவ, கடற்படை முகாம்களின் பக்கம் கமராவையோ இருகண் நோக்கியையோ திருப்ப வேண்டாம்; அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது.

பிள்ளைகள் பொறுக்கும் இறகுகளையும் முட்டை ஓடுகளையும் அங்கேயே விட்டுவிடச் செய்யுங்கள். காட்டுயிர்ப் பொருட்களை இலங்கையிலிருந்து வெளியே கொண்டு செல்வதில் சட்டச் சிக்கல் உண்டு. அவுஸ்திரேலிய விமான நிலையத்திலோ ஓர் இறகைக்கூட அறிவிக்காமல் எடுத்துச் செல்ல முடியாது.