கார்பைடு குண்டை இன்கோனல் மீது உரசவிட்டுத் தேய்மானம் அளப்பது எப்படி?

ஜெட் என்ஜின் பாகங்களுக்குப் பயன்படும் நிக்கல் கலப்புலோகமான இன்கோனல் 718-ஐக் கடைய, கோபால்ட் சேர்த்த டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைகளைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். இந்த ஜோடி உரசும்போது எது எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க எளிய வழி, பின்-ஆன்-டிஸ்க் சோதனை: சுழலும் தட்டின் மேல் ஒரு முனையையோ குண்டையோ சுமை வைத்து அழுத்தி, வட்டத் தடத்தில் உரசவிடுவது. ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் ஜி99 என்ற தரமுறையே இதற்கு இருக்கிறது.

1. இன்கோனல் தட்டை 0.8 மைக்ரான் சொரசொரப்புக்குக் கீழே வரும்வரை மெருகேற்றுங்கள். எதிரில் 6 மி.மீ. விட்டமுள்ள கார்பைடு குண்டு. இரண்டையும் அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். அப்புறம் விரல் படக்கூடாது. கை எண்ணெய் கொஞ்சம் ஒட்டினாலும் உராய்வு குறைவாகக் காட்டும்.

2. சுமை 10 நியூட்டன், தடத்தின் ஆரம் 15 மி.மீ., வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 318 சுற்று வரும். 1000 மீட்டர் ஓட 33 நிமிடம் சொச்சம்.

3. உராய்வு விசையைச் சுமையால் வகுத்தால் உராய்வுக் கெழு. தொடக்கத்தில் ஏறி இறங்கும் பகுதியை விட்டுவிட்டு, கோடு நிலைப்பட்ட பிறகு சராசரி எடுங்கள். நிலைப்படாமல் குதித்துக்கொண்டே இருந்தால், குண்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடிப்பு சரியாக இருந்தால், இன்கோனல் குண்டில் ஒட்டி ஒட்டிப் பிய்கிறது என்று சந்தேகிக்கலாம்.

4. இனிதான் கவனம் தேவை. குண்டை எடை போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். குண்டில் 0.6 மி.மீ. அகலத்துக்குத் தேய்ந்த வட்டம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விட்டத்தின் நான்காம் அடுக்கை (0.6 × 0.6 × 0.6 × 0.6) π-ஆல் (3.14) பெருக்கி, குண்டின் ஆரத்தைப் போல் 64 மடங்கால் வகுத்தால் தேய்ந்த கனஅளவு: சுமார் 0.0021 கன மி.மீ. எடையில் இது 0.03 மில்லிகிராம்தான். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. போதாததற்கு இன்கோனல் ஒட்டியிருந்தால், தேய்ந்த குண்டு எடை கூடியும் நிற்கும்! ஒட்டியதை ஆசிட்டில் கரைக்கலாம் என்றால், கார்பைடைப் பிடித்துவைத்திருக்கும் கோபால்ட்டும் சேர்ந்து கரையும். ஆகவே மைக்ரோஸ்கோப்பில் வட்டத்தை அளப்பதே மேல். ஒட்டல் விளிம்பை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

5. கனஅளவைச் சுமையாலும் தூரத்தாலும் வகுங்கள். நம் கணக்கில் குண்டின் தேய்மான வீதம், ஒரு நியூட்டன்-மீட்டருக்கு ஒரு கோடியில் சுமார் 2 பங்கு கன மி.மீ.

6. தட்டுக்கு, தடத்தின் குறுக்கே நான்கு இடங்களில் புரொஃபைலோமீட்டர் (பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) ஓட்டி, பள்ளத்தின் சராசரிக் குறுக்குவெட்டுப் பரப்பைத் தடத்தின் சுற்றளவான 94.2 மி.மீ.யால் பெருக்குங்கள். ஓரங்களில் பிதுங்கி நிற்கும் உலோகத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அது இடம் மாறியதுதான், தேய்ந்துபோனதல்ல.