திருகோணமலைக் கடல்ல பைனாகுலர் பாவிக்கிறதும் பாதுகாக்கிறதும்

மார்ச் பிறந்தா கோணேசர் கோயில் பக்கம் இராவணன் வெட்டு எண்ட மலைப் பிளவுக்குக் கிட்ட நிண்டு திமிங்கிலம் தேடுற ஆக்கள் கூடிடும். கனபேர் கழுத்தில பைனாகுலர் தொங்கும், ஆனா ரெண்டு நிமிசம் பாத்துட்டு "ஒண்டும் தெளிவில்ல மச்சான்" எண்டு அடுத்த ஆள்ட்ட குடுத்திடுவாங்க. அநேகமா சாமான்ல பிழை இல்ல, அதைத் தன்ட கண்ணுக்கு ஆரும் செட் பண்ணினதே இல்ல, கடையில வந்த மாதிரியே கிடக்கும்.

செட் பண்ணுறது லேசு. நடுவில இருக்கிற பிணைச்சல விரிச்சுச் சுருக்கி, ரெண்டு வட்டமும் ஒரே வட்டமாத் தெரியிற இடத்தில விடுங்க. பிறகு வலது பக்க முன் லென்ஸ மூடியால மறைச்சிட்டு, ரெண்டு கண்ணையும் திறந்தபடியே, தூரத்தில அசையாம நிக்கிற ஒண்ட, ஒரு போன் டவர் உச்சி காணும், நடுச்சில்ல உருட்டி ஷார்ப்பாக்குங்க. இப்ப மூடிய இடது பக்கம் மாத்திப் போட்டு, நடுச்சில்லத் தொடாம, வலது ஐபீஸில, அதாவது கண் வைக்கிற பக்கத்தில, இருக்கிற சின்ன வளையத்த மட்டும் திருப்பி அதே உச்சிய ஷார்ப்பாக்குங்க. அவ்வளவுதான், இனி எங்க பாத்தாலும் நடுச்சில்லு மட்டும் போதும். வளையம் நிக்கிற இடத்தில நெயில் பொலிஷால ஒரு புள்ளி வச்சு விட்டா, வீட்டுச் சின்னப் பிள்ளைகள் திருப்பி விளையாடினாலும் திரும்பக் கொண்டு வரலாம். மூக்குக்கண்ணாடி போடுறவங்க கண் பக்க ரப்பர மடிச்சோ திருகி இறக்கியோ விடணும், இல்லாட்டி நடுவில ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும்.

வாங்கப் போறவங்க 20, 30 எண்டு எழுதியிருக்கிற சூம் சாமானுகளப் பாத்து மயங்க வேணாம். 8x42 எண்டா 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீற்றர். 42ஐ 8ஆல பிரிச்சா வாறதுதான் கண்ணுக்குள்ள வாற வெளிச்ச வட்டம், கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர், விடியப்புறமும் பின்னேரமும் பாக்கத் தாராளம். போட்ல போறவங்களுக்கு 7x50 இன்னும் நல்லம், பாரம் கொஞ்சம் கூடத்தான். 10க்கு மேல போனா உங்கட கை நடுக்கமும் போட் ஆட்டமும் சேந்து அதே மடங்குக்குப் பெருக்கும், பாக்கிற ஆளுக்குத் தலைச்சுத்துதான் மிச்சம்.

பாக்கிற விதமும் இருக்கு. முதல்ல வெறுங்கண்ணால கடல மேயுங்க. வெள்ளையா ஒண்டு எழும்பினா கண்ண அதிலேயே வச்சுக்கொண்டு பைனாகுலர கண்ணுக்குத் தூக்குங்க, குனிஞ்சு பைனாகுலரப் பாத்திட்டு நிமிந்தா அந்த இடம் போயிடும். தென்மேற்கால வாற கச்சான் காத்து எழும்பினாப் பிறகு கடல் முழுக்க வெள்ளை நுரைதான், எது அலை எது மூச்செண்டு குழம்பும். அலை நுரை அந்த இடத்திலேயே உடைஞ்சு மறையும், திமிங்கிலத்தின்ட மூச்சு மேல எழும்பிக் காத்தோட இழுபட்டுப் போகும். நீலத்திமிங்கிலத்தின்டது நேரா 30 அடி வரைக்கும் எழும்பும், எண்ணெய்த்திமிங்கிலத்தின்டது (ஸ்பேர்ம் வேல்) முன்னுக்கு இடப்பக்கமாச் சரிஞ்சு வரும், இந்த ஒண்டு தெரிஞ்சாலே அரை மைல் தூரத்தில இருந்து ஆள் ஆரெண்டு சொல்லலாம். எண்ணெய்த்திமிங்கிலம் வால தூக்கிக்கொண்டு தாண்டால் முக்கால் மணித்தியாலம் கூட வராது, இருந்து ஒரு தேத்தண்ணி குடிங்க.

அங்க கிழக்குப் பாத்த கடல், விடியக்காலம் சூரியன் நேர முன்னால நிக்கும். பைனாகுலரால சூரியனத் தற்செயலாக்கூடப் பாக்கக் கூடாது, கண் போயிடும். தண்ணியில மினுங்கிற அந்தப் பட்டைய விட்டுட்டு ரெண்டு பக்கமும் தேடுங்க. மற்றது, கோட்டைக்குள்ள இராணுவ முகாம் இருக்கு, துறைமுகப் பக்கம் கடற்படை இருக்கு, அங்கால பிடிச்சுப் பாத்து வீண் கதை வாங்க வேணாம்.

இனி முக்கியமான விசயம், உப்பு. லென்ஸில காஞ்ச உப்ப சாரத்தாலயோ லேஞ்சியாலயோ தேய்க்கிறது மண்கடதாசியால தேய்க்கிற மாதிரி, மேல இருக்கிற கோட்டிங் போயிடும், பிறகு என்ன காசு குடுத்தாலும் வராது. வோட்டர்ப்ரூஃப் எண்டு தெளிவா எழுதியிருந்தா பைப்ப மெல்லத் திறந்து நல்ல தண்ணியில கழுவலாம். இல்லாட்டி, ப்ளோவரால ஊதி, மெல்லிய ப்ரஷால தட்டி, லென்ஸ் துடைக்கிற திரவத்த துணியில நனைச்சு நடுவில இருந்து வெளிய வட்டமா எடுங்க. திரவத்த லென்ஸ் மேல நேர விடாதீங்க, ஓரத்தால உள்ள இறங்கும். யன்னல் கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே வேணவே வேணாம்.

அடுத்த எதிரி பங்கஸ். மாரி மழை தொடங்கினா அலுமாரிக்குள்ள கிடக்கிற சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிற ஊர், தோல் பைக்குள்ள வச்ச லென்ஸ் தப்புமா? இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் பெட்டி ஒண்டும் நிறம் மாறுற சிலிக்கா ஜெல்லும் போதும். ஒரேஞ்ச் நிறம் பச்சையானா ஈரம் குடிச்சிட்டுது எண்டு அர்த்தம், சமைக்காத பழைய சட்டியில மெல்லிய சூட்டில வச்சா திரும்ப ஒரேஞ்சாகும். பூச்சி உருண்டை போடாதீங்க, அதின்ட ஆவி லென்ஸில படியும். நிலாவெளிப் பக்கம் ஏசி ரூம்ல தங்கினா வெளிய வந்த உடன பையத் திறக்காம கொஞ்ச நேரம் அப்பிடியே விடுங்க, இல்லாட்டி குளிர்ந்த கண்ணாடியில ஆவி பிடிக்கும். எயார் ரைபிள் ஸ்கோப், கமரா லென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

பழசு வாங்கினா முன் லென்ஸ் பக்கமா டோச் அடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி வலை போல நூல் நூலாத் தெரிஞ்சா அது பங்கஸ், விட்டுட்டு வாங்க. பிறகு கடலும் வானமும் முட்டுற கோட்டப் பாத்துக்கொண்டு பைனாகுலர மெல்ல மெல்லக் கண்ணில இருந்து விலத்துங்க, ரெண்டு பக்கத்துக் கோடும் ஒரே மட்டத்தில நிண்டா சரி. ஒண்டு மேல ஒண்டு கீழ நிண்டா விழுந்த சாமான், உள்ள பிரிசம் விலகியிருக்கு, பாக்கப் பாக்கத் தலையிடிக்கும். அத வீட்டில ஸ்க்ரூ கழட்டிச் சரிக்கட்ட ஏலாது, நல்ல சாமானெண்டா உள்ள ஆவி பிடிக்காம அடைச்சு வச்ச நைட்ரஜன் வாயுவும் போயிடும், லென்ஸ் வேலை தெரிஞ்ச ஆள்ட்டத்தான் குடுக்கணும்.