அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் வெளியே வந்துவிடுங்கள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய் இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிப் போனவர்கள்தான். அப்படியும் முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறார்கள்: "அண்ணே, ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்ச வார்த்தையாத்தான் இருக்கு. மொத்தமா என்ன சொல்றாங்கன்னு பிடிபடல."

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' போன்றவற்றை அங்கே அபூர்வமாகத்தான் கேட்பீர்கள். திணறவைப்பதெல்லாம் கோ, புட், கெட், பாஸ் மாதிரியான சின்ன வினைகளும், அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஆஃப், அப், இன், அவுட்டும்தான். இதற்கு மலைக்க வேண்டாம். 'போடு', 'கொடு' இரண்டும் தெரிந்த வெளியூர்க்காரருக்கு, 'மேனேஜர்ட்ட போட்டுக்கொடுத்துட்டான்' என்பது விளங்குமா? நம் மொழியிலும் இந்த விளையாட்டு உண்டு. கூட்டத்தைத் 'தள்ளிப்போட்டார்கள்' என்கிறோமே, அதுதான் அவர்களுடைய 'புட் ஆஃப்'. பிரித்துப் பொருள் தேடாமல், எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பிடியுங்கள்.

முதலில் 'கோ ஆஃப்'. விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைந்துவிட்டது. பால் 'கோஸ் ஆஃப்' என்றால் கெட்டுவிட்டது. ஆனால் அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பல இடங்களில் வாரம் ஒருமுறை சோதனைக்காகவும் தீ அலாரத்தை அடிப்பார்கள். அது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் 'பாஸ்' என்ற ஒரு வினையை மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. 'பாஸ்டு அவே' என்றால் இறந்துவிட்டார். 'பாஸ்டு வாட்டர்' என்றால் சிறுநீர் கழித்தார். 'பாஸ் இட் ஆன்' என்றால் விஷயத்தை அடுத்தவரிடம் சொல்லிவிடு. ஷிப்ட் மாறும்போது இது அடிக்கடி வரும். 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். நாமோ 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கேட்கிற ஆங்கிலேயர், பாவம், இப்போது உடம்பு பரவாயில்லையா என்று விசாரிப்பார். படிப்பு முடித்ததற்கு அங்கே 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'பிரிபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இரண்டும் நம்மூர் ஆங்கிலம்; அவற்றையும் மதுரை ஏர்போர்ட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.

வயதானவர்கள் பேச்சு இன்னொரு ரகம். 'ஐ'வ் கம் ஓவர் ஆல் ஃபன்னி' என்று ஒரு பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள்; திடீரென்று உடம்பு என்னவோ செய்கிறது என்கிறார். உடனே உட்காரவைத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் அங்கே பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். 1851-ல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியிலேயே இந்தக் கட்டணம் உண்டு. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சில்லறையோடு நின்ற நமக்கு இது புரியாதா என்ன!

திருமங்கலத்துத் தங்கச்சி ஒருத்தியிடம் மேலாளர் வந்து, 'கேன் யூ ஃபில் இன் ஃபார் ஹர் ஆன் சண்டே?' என்று கேட்டிருக்கிறார். இவளும் பேனாவை எடுத்துக்கொண்டு, ஃபார்ம் எங்கே மேடம் என்றாளாம். அவர் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதிலாக நீ வருவாயா என்று. ஃபார்மை நிரப்புவதும் 'ஃபில் இன்'தான். 'ஃபில் மீ இன்' என்றால் நடந்ததை விவரமாகச் சொல். இன்னொன்று, 'டே ஆஃப்' என்றால் விடுமுறை. 'லெய்ட் ஆஃப்' என்றால் வேலையே போச்சு. 'தே லெட் ஹிம் கோ' என்பதும் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான்.

வேகமாகப் பேசும்போது பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 'டர்ன் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்' என்று சொல்லும்போது அழுத்தம் அந்தக் கடைசிச் சின்னச் சொல்லில் விழும். காதை அங்கே வையுங்கள். நீங்கள் பேசும்போதும் 'இட்' நடுவில்தான் வர வேண்டும். 'டர்ன் ஆஃப் இட்' என்றால் உறுத்தும். அகராதி வாங்குவதானால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவர்கள் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று போடும் பதிப்பை வாங்குங்கள். அதில் ஒவ்வொரு வினைக்குக் கீழேயும் இந்தக் கூட்டுகளைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

புரியாமல் தலையாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. 'சாரி?' என்று மட்டும் கேட்டால், அதே வாக்கியத்தையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். அதைவிட, 'சோ, யூ வான்ட் மீ டு ஒர்க் ஆன் சண்டே?' என்று நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

அப்புறம், 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டுக்கொண்டே கடந்து போவார்கள். நம்மூரில் 'என்னண்ணே, எங்கிட்டு?' என்று கேட்கிற கணக்குதான் அது. முதுகுவலியை எல்லாம் விவரிக்க வேண்டாம், 'யா, யூ?' போதும். 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை. 'யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்' என்பது மரியாதைப் பேச்சு. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. வட இங்கிலாந்தில் 'டீ'க்கு வரச் சொன்னால் அது பெரும்பாலும் சாயங்காலச் சாப்பாடு. வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.