காய்ச்சலுக்குப் பிறகு இதயம் பலவீனமானால்: ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

அக்கா ஒரு பழைய மைலோ டின்னோடு வந்தார். தாலிக்கொடியைத் தவிர வீட்டிலிருந்த நகையெல்லாம் அதற்குள் இருந்தது. "தம்பி, அடகுக்கடைக்குத் துணைக்கு வா. பிள்ளைக்கு ஸ்டெம் செல் ஏத்தணும்" என்றார். ஸ்டெம் செல் என்றால் குருத்தணு, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்.

பிள்ளை என்பது என் மருமகன். 31 வயது, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நான்கு நாள் காய்ச்சல், உடம்பு வலி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. சரியாகிவிட்டது என்று வேலைக்குப் போனான். இரண்டு வாரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் திணறல், உட்கார்ந்தே தூங்கினான், கால் வீங்கியது. ஈப்போவில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது இ.எஃப். 28. அதாவது இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் 28 விழுக்காடுதான் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது. நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்கும். வைரஸ் கிருமியால் வந்த இதயத்தசை அழற்சி, மையோகார்டிடிஸ் என்றார்கள். அதற்கு மறுவாரம் யாரோ அக்காவை ஒரு ஹோட்டலில் நடந்த பேச்சுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல், கையில் ட்ரிப் போட்டு மூன்று முறை ஏற்றினால் இதயம் புதிதாகும், விலை 38,000 வெள்ளி (ரிங்கிட்) என்று அங்கே சொன்னார்களாம்.

நான் 27 வருடம் தோட்டத்து கிளினிக்கில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன். டாக்டர் இல்லை. அன்று அக்காவை அடகுக்கடைக்கு அழைத்துப் போகவில்லை. அதற்குப் பதில் நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை எழுதிவைக்கிறேன், இதே நிலையில் இன்னொரு வீட்டிலும் இன்னொரு டின் திறக்கலாம் என்பதால்.

முதலில், என்ன கெட்டுப்போனது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் புரியவையுங்கள். அக்கா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், அதனால் நான் மரத்தை வைத்தே சொன்னேன். கத்தி பட்டையோடு நின்றால் பட்டை மறுபடி வளரும், சில வருடம் கழித்து அதே இடத்தில் வெட்டலாம். கத்தி கட்டைவரை இறங்கிவிட்டால் அங்கே முடிச்சு முடிச்சாகக் காய்ப்பு விழும். அந்த இடத்தில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. இதயத்தசைக்குப் பால்மரப் பட்டை போல வளரும் சக்தி மிகவும் குறைவு. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இதை 2009இல் அளந்து காட்டினார்கள். பழைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 மனித உடம்பிலும் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து ஒரு செல் எப்போது பிறந்தது என்று கணக்குப் போட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடு இதயத்தசைச் செல் புதிதாகிறது, 75 வயதில் 0.45 விழுக்காடு. செத்த செல்லின் இடத்தில் பெரும்பாலும் வடுதான் வரும்.

ஆனால் பலவீனமான செல் எல்லாம் செத்த செல் இல்லை. வைரஸ் சில செல்களைக் கொல்கிறது. அதை விரட்ட வரும் நம் உடம்பின் படையும் சேர்ந்து வீக்கத்தை உண்டாக்குகிறது. வீக்கம் வடிந்ததும் மயங்கிக் கிடந்த தசை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். இந்த நோயில் பலருக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் இ.எஃப். தானாகவே ஏறுகிறது. இதை அக்காவுக்கு மூன்று முறை சொன்னேன். முதல் மாதத்திலேயே 38,000 வெள்ளி கட்டி ஊசி போட்டிருந்தால், பிறகு வரும் முன்னேற்றத்துக்கெல்லாம் அந்த ஊசிக்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். அந்த ஹோட்டல் பேச்சில் மேடையில் ஏறி "எனக்கு நல்லாயிடுச்சு" என்று சொன்னவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஊசி இல்லாமலே அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் யாரும் அளக்கவில்லை.

அடுத்தது, விற்கிறவரிடம் கேட்க வேண்டியவை. போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அந்தச் செல் இதயத்தசையாக மாற்றப்பட்டதா? தொப்புள்கொடி, கொழுப்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் செல் இதயத்துக்குள் போய்த் துடிக்கும் தசையாக ஆவதில்லை. சில சத்துகளைச் சுரந்துவிட்டுக் கொஞ்ச நாளில் மறைந்துவிடும்.

எந்த வழியாக ஏற்றுகிறீர்கள்? கைநரம்பில் ஏற்றினால் இரத்தம் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். பெரும்பாலான செல் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? சிகிச்சை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும் வேண்டும். ஒழுங்கான ஆய்வில் பொதுவாக ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்கமாட்டார்கள். எங்களுக்கு வந்த பதில் ஒரு வண்ணப் புத்தகமும் தள்ளுபடி விலையும்தான். எண் எதுவும் வரவில்லை.

அப்படியென்றால் ஸ்டெம் செல் எல்லாம் ஏமாற்றா என்று மருமகன் கேட்டான். இல்லை. அவனுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும், அது சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் இதற்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்கினேன். ஜப்பானில் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் தோல் செல்லையும் 2007இல் மனிதத் தோல் செல்லையும் மறுபடி குருத்து நிலைக்குக் கொண்டுபோனார். 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குருத்தணுவிலிருந்து தட்டிலேயே துடிக்கும் இதயத்தசையை வளர்க்கலாம். 2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தார் அப்படி வளர்த்த மெல்லிய தசைத்தாளை முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் ஒட்டினார்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் குழுவினர் குரங்குகளிலும் ஒரு நோயாளியிலும் தசை ஒட்டுகள் நிலைத்ததை 2025இல் வெளியிட்டார்கள். குரங்குகளில் செல்லை நேராக ஊசியால் செலுத்திய ஆய்வுகளில் துடிப்புத் தாறுமாறானதும் உண்டு. அதனால்தான் நிதானமாகப் போகிறார்கள்.

தோல்வியையும் மறைக்காமல் சொன்னேன். 2023இல் வெளியான டிரீம்-எச்.எஃப். ஆய்வில் 537 பேருக்குச் சிகிச்சை நடந்தது. சிலருக்கு மெசன்கைமல் வகைச் செல் இதயத்துக்குள்ளேயே செலுத்தப்பட்டது, மற்றவர்களுக்குச் செல் செலுத்தாத பாவனைச் சிகிச்சை. இதயச் செயலிழப்பால் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறையும் என்பதே முக்கிய எதிர்பார்ப்பு, அது நிறைவேறவில்லை. இதயத்திலேயே குருத்தணு இருக்கிறது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த பியரோ அன்வெர்ஸாவின் ஆய்வுக்கூடக் கட்டுரைகள் 31ஐத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளி 2018இல் கேட்டது. அந்தக் கட்டுரைகளை நம்பி எத்தனை நோயாளிகள் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

வைரஸ் விஷயத்திலும் யமனாக்கா வழிக் குருத்தணுக்கள் உதவுகின்றன. இதயத்தைத் தாக்கும் கிருமிகளில் பேர்போனது காக்ஸாக்கி பி. இந்தக் குடும்பத்தின் முதல் வைரஸை நியூயார்க் மாநிலத்தில் காக்ஸாக்கி என்ற ஊரின் நோயாளிகளிடம் கண்டுபிடித்து 1948இல் வெளியிட்டார்கள். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் குருத்தணுவிலிருந்து வளர்த்த இதயச் செல்லில் காக்ஸாக்கி பி வைரஸை விட்டு, எந்த மருந்து அதை அடக்குகிறது என்று சோதித்தார்கள். மனிதர் மேல் கை வைக்காமலே சோதிக்க முடிகிறதே, அதுவே பெரிய காரியம்.

சரி, வீட்டில் செய்தது என்ன? ஒரு 100 பக்க நோட்டு வாங்கினோம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், அதே தராசில் எடை. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு முறை இந்த நோட்டுதான் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. மயக்கம் போட்டாலோ, நெஞ்சு படபடவென்று அடித்து நிற்காவிட்டாலோ நோட்டைப் பார்க்க வேண்டாம், அவசர எண் 999ஐ அழையுங்கள்.

உப்பு எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். கருவாடு, நெத்திலி சம்பால், கிச்சாப், மேகி எல்லாம் நின்றது. அக்கா புளியும் மிளகும் கூட்டிச் சமைக்கப் பழகினார். மேல்வலிக்குத் தோட்டத்தில் எல்லோரும் விழுங்கும் மெஃபினாமிக் ஆசிட், டிக்லோஃபினாக், இபுபுரோஃபென் கூடவே கூடாது. தண்ணீரைத் தேக்கி இதயத்தை இன்னும் அழுத்தும். பாராசிட்டமால் போதும். ஜாமு என்ற மூலிகை மருந்துப் பொட்டலம் எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உழைப்பு கூடாது. ஒரு குலை 20 கிலோ, அதைத் தூக்கிப் போடுவது வீங்கிய இதயத்துக்கு ஆபத்து, துடிப்பு தடம் மாறலாம். அவன் வாலிபன், மூன்றாவது வாரமே "மாமா, நல்லாத்தானே இருக்கேன்" என்று கிளம்பப் பார்த்தான். காண்ட்ராக்டரிடம் நானே போய்ப் பேசினேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக முடியாத நிலை நீடித்தால் அது கைகொடுக்கும்.

மாத்திரையை நிறுத்துவதுதான் கடைசி ஆபத்து, நன்றாக ஆனபிறகு வருவது. லண்டனில் இதயம் பெரிதாகிப் பலவீனமாகித் தேறிய 51 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. பிசோப்ரோலோல், பெரின்டோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் என்று அவன் எடுக்கும் மூன்றின் பெயரும் அளவும் நோட்டின் அட்டையில் இருக்கிறது. எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான்.

ஆறாவது மாதம் இ.எஃப். 41. பதினோராவது மாதம் 49. இப்போது காண்ட்ராக்டர் அவனை எடை குறிக்கும் வேலையில் வைத்திருக்கிறார். அடுத்த எக்கோ மார்ச்சில். டாக்டரிடம் கேட்க வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருகிறோம். வடு எவ்வளவு என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவையா என்பது என் கேள்வி. எப்போது குலை வெட்டப் போகலாம் என்பது அவனுடையது. பதிவு எண் உள்ள ஆய்வு ஏதாவது இவனுக்குப் பொருந்துமா என்பது மூன்றாவது. அதை எழுதியது அக்கா.